காலி வண்டியும் கணக்கில் வரவேண்டும்

சரக்கு ஏற்றும் சிறு வண்டிகளைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம், அது எத்தனை டன் இழுக்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், மாதத் தவணை எவ்வளவு, நாளைக்கு விற்றால் என்ன விலை போகும் என்னும் நான்கு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த வண்டி சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அதை ஓட்டி வருகிறவரின் சரீரம் என்ன பாடுபடுகிறது என்பதை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் பிக்கப்பானாலும், நாமக்கல்லில் முட்டை அடுக்கிக்கொண்டு புறப்படும் வண்டியானாலும், இரவோடு இரவாகக் கோயம்பேட்டுக்குக் கீரையும் பூவும் கொண்டுவந்து சேர்க்கும் குட்டி யானையானாலும், போகும்போது பாரம், வரும்போது வெறுமை என்பதே பெரும்பாலும் அவற்றின் விதி. ரிட்டர்ன் லோடு கிடைப்பது அதிருஷ்டம். கிடைக்காமல் வருவது வாடிக்கை. ஆகவே இத்தகைய வண்டியின் ஆயுளில் ஏறக்குறையப் பாதித் தூரம் காலியாகவே கழிகிறது என்றால் மிகையாகாது. அந்தப் பாதியை யாருடைய கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிட்டோம் என்பதும், அதில் படும் துன்பத்தில் பெரும்பங்கு நாமே வலிய வரவழைத்துக்கொண்டது என்பதும் என் அபிப்பிராயம்.

காலி பிக்கப் ஒன்று கிராமத்து வேகத்தடையைக் கடப்பதைச் சற்றே நின்று கவனித்தால் விஷயம் பிரத்தியட்சமாக விளங்கும். முன்சக்கரம் ஏறி இறங்குவது பெரிதாகத் தெரிவதில்லை. பின்சக்கரம் ஏறியதும், வண்டியின் பின்பாதி முழுவதும் துள்ளி எழுந்து, பின்கதவின் சங்கிலி கலகலவென்று அடித்துக்கொள்ள, மூலையில் சுருட்டி வைத்த தார்ப்பாயும் ஜாக்கியும் இடம் மாறி விழ, அந்த உதை வருவதை முன்கூட்டியே அறிந்த ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றியபடி இருக்கையிலிருந்து தம்மைத் தாமே சற்று உயர்த்திக்கொள்கிறார். பல வருஷப் பழக்கத்தால் சரீரம் தானாகக் கற்றுக்கொண்ட உபாயம் அது. “லோடு ஏறினா கப்பல் மாதிரி போகும் சார், காலியா வந்தா இடுப்பு கழண்டுரும்” என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பி அதை அற்ப விஷயமாக எண்ணிவிடலாகாது.

நம் முன்னோர் காலத்து மாட்டு வண்டிகளில், ஆள் ஏறிப்போகும் வண்டிக்கும் பாரம் ஏற்றும் வண்டிக்கும் தெளிவான பேதம் இருந்தது. பண்ணையாரும் அவர் குடும்பத்தாரும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போன வில்வண்டியின் அடியில் வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன; நெல்மூட்டையும் எருவும் சுமந்த பார வண்டிக்கோ அப்படி ஒன்றும் கிடையாது. 1804-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் கோச்சு வண்டிகளுக்காக இத்தகைய பட்டை ஸ்பிரிங்குக்கு உரிமம் பெற்றபோதும், பயணம் செய்யும் மனிதனுடைய சௌகரியமே அதன் நோக்கமாக இருந்தது. இன்றைய பிக்கப்பின் பின்னச்சில் நாம் காண்பது அதே பட்டைக்கட்டுதான். ஆனால் நோக்கம் தலைகீழாகிவிட்டது. ஒன்றரை டன் சரக்கு ஏறியும் வண்டி அச்சின்மேல் உட்கார்ந்துவிடாமல் தாங்குவதே இப்போது அதன் முதல் உத்தியோகம்; மனிதனுடைய சௌகரியம், சரக்கு மேலே இருக்கும்வரை கூடவே கிடைக்கும் உபரி லாபம்.

இதன் காரணகாரியத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒரு ஸ்பிரிங் தன்மேல் அமர்ந்த பாரத்தால் எவ்வளவு தாழ்கிறதோ, அந்தத் தாழ்வே அது எத்தனை நிதானமாக ஆடும் என்பதைத் தீர்மானிக்கிறது. நிறையத் தாழ்ந்தால் மெல்ல அசையும். சிறிதே தாழ்ந்தால் வெடுக்வெடுக்கென்று உதறும். காலியாக நிற்கையில் பின் ஸ்பிரிங்குகளின் மேல் 700 கிலோவும், சரக்கு நிறைந்தபின் 2,100 கிலோவும் அமர்வதாக ஒரு வண்டியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஐவர் அமரும் காரில், ஆள் ஏறினாலும் இறங்கினாலும், பின்பாரம் ஒன்றரை மடங்கு அளவுக்கே மாறும். இங்கே மூன்று மடங்கு மாறுகிறது. நிறைபாரத்தில் அந்த ஸ்பிரிங் 9 சென்டிமீட்டர் தாழ்வதானால், வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை ஆடும். காலியில் தாழ்வு 3 சென்டிமீட்டராகச் சுருங்க, ஆட்டம் 170-ஐத் தாண்டிவிடும். சொகுசான காரில் அது 60 முதல் 90 வரைதான். மனித சரீரமோ, மேலும் கீழுமாக வரும் அதிர்வுகளில், நிமிடத்துக்கு 240 முதல் 480 வரையிலானவற்றையே மிகக் கடுமையாக உணர்கிறது. முதுகெலும்பு அந்த அதிர்வுகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் தானும் சேர்ந்து அதிர்கிறது. சரக்கை இறக்கிய கணத்திலேயே வண்டி அந்த அபாய எல்லையை நோக்கி நகரத் தொடங்குகிறது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

கணக்கோடு தொல்லை நின்றுவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கிடக்கும் பட்டைகளுக்கிடையே உராய்வு உண்டு. சாலையின் சிறு மேடுபள்ளங்கள் தரும் விசை அந்த உராய்வை வெல்லப் போதாதபோது, பட்டைக்கட்டு வளையாமல் ஒரே இரும்புத் துண்டாக நின்றுவிட, சக்கரம் வாங்கிய உதை அப்படியே சேஸிஸுக்கு ஏறுகிறது. அந்த நிலையில் வண்டிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஸ்பிரிங் டயரில் உள்ள காற்றுதான். அதுவும் நிறைபாரத்துக்கென்று இறுக அடிக்கப்பட்ட காற்று. நிறைபாரத்தின் ஆட்டத்தை அடக்குவதற்கென்று அமைந்த ஷாக் அப்சார்பரோ காலி வண்டியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறது. இவற்றோடு, சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னச்சும் டிஃபரென்ஷியலும் சக்கரங்களும் கனத்தில் குறைவதில்லை. மேலே உள்ள எடை குறையக் குறைய, கீழே துள்ளும் இந்த எடை மேலே உள்ளதை இஷ்டம்போல் ஆட்டிவைக்கிறது.

இதுவரை சொன்னது யந்திரத்தின் நியதி. அதற்காக எவரையும் குறைகூறுவதில் நியாயமில்லை. அந்த நியதியின்மேல் நாம் செய்துவைத்திருக்கும் காரியத்தைப் பற்றித்தான் என் வழக்கு. புது வண்டி ஷோரூமை விட்டு வந்த சூடு ஆறுமுன்பே அது ஸ்பிரிங் பட்டறை வாசலில் நிற்பதும், “ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு உரிமையாளர் டீ குடிக்கப் போவதும் நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஒன்றரை டன்னுக்கு அனுமதி பெற்ற வண்டியில் இரண்டரை டன் ஏற்றுவதற்கான ஆயத்தம் அது. சேர்த்த பட்டைகள் நிறைபாரத்தில் வண்டியை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன. ஆனால் காலியில் 3 சென்டிமீட்டர் தாழ்ந்த ஸ்பிரிங்கை அவை இரண்டு சென்டிமீட்டர்கூடத் தாழவிடாமல் செய்து, உராய்வையும் பெருக்கி, திரும்பும் பயணத்தைத் தண்டனையாக்கிவிடுகின்றன. மிகைபாரத்தின் லாபம் ஒருவர் கைக்குப் போகிறது. அதன் வட்டியை இன்னொருவர் இடுப்பு செலுத்துகிறது.

பிரேக்கின் கதை இதைவிடக் கவலை தருவது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் சேஸிஸுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒரு சிறு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. வண்டி தாழ்ந்திருந்தால் பாரம் ஏறியிருப்பதாக அறிந்து பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டுவதும், உயர்ந்திருந்தால் காலி என்று அறிந்து, இலேசான பின்சக்கரங்கள் பிரேக் பிடித்தவுடன் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைப்பதும் அதன் வேலை. பட்டை சேர்த்து உயர்த்திய வண்டி சரக்கு ஏறியும் தாழ்வதில்லையாதலால், மேலே இரண்டு டன் இருக்கையிலும் அந்த வால்வு வண்டி காலி என்றே எண்ணிப் பின் பிரேக்கை அடக்கிவைக்கிறது. அவ்வளவு பாரத்தையும் நிறுத்தும் பொறுப்பு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. காலியில் இடுப்பை ஒடிக்கும் அதே பட்டைதான் பாரத்தில் உயிருக்கும் உலை வைக்கிறது.

உரிமையாளர் தரப்பு நியாயத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது. வாடகையை நிர்ணயிப்பவர் அவரல்லர். எத்தனை பெட்டி ஏற்றவேண்டும் என்று சொல்பவர் வியாபாரி. மறுத்தால் பக்கத்து ஸ்டாண்டு வண்டி காத்திருக்கிறது. நடுவழியில் பட்டை ஒடிந்தால் ஒரு நாள் சம்பாத்தியம் போவதோடு, ஏற்றிய தக்காளியும் வெயிலில் வெந்துபோகும். இந்தப் பயத்தில் அவர் பட்டை சேர்ப்பதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆனால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, மிகைபாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாயும் அபராதம் விதிப்பதோடு, வண்டியை ஓட்டியவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த வாசகம் மண்டிக்காரரின் கல்லாவரை நீண்டு செல்லுமானால், பட்டறையில் பட்டை சேர்க்கும் அவசியமே பாதி குறைந்துவிடும்.

இனி, இருக்கும் வண்டிக்குச் செய்யத்தக்க பரிகாரங்களைப் பார்ப்போம். முதலாவதும் மலிவானதும் காற்று. தயாரிப்பாளர் சிலர் காலிக்கு ஒன்றும் நிறைபாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு அளவுகளைக் கதவோரத்து ஸ்டிக்கரிலோ கைப்புத்தகத்திலோ அச்சிட்டுத் தருகிறார்கள். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் அரிது. பஞ்சர் கடையில் “பின்னாடி நல்லா ஏத்திவிடு” என்று சொல்வதே சம்பிரதாயமாகிவிட்டது. இரண்டு அளவுகள் உள்ள வண்டியில் நெடுந்தூரம் காலியாக வரும்போது காலிக்குரிய அளவுக்கு இறக்கிக்கொள்வதும், மறுபடி சரக்கு ஏறுமுன் மறவாமல் ஏற்றிக்கொள்வதும் குலுக்கத்தைக் கண்கூடாகக் குறைக்கும். ஒரே அளவு மட்டும் உள்ள வண்டியில் அதற்குக் கீழே தன்னிச்சையாக இறக்குவது கூடாது. காற்றுக் குறைந்த டயரோடு பாரம் ஏறினால் அது சூடேறி வெடிக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுமாகையால், புறப்படுமுன் குளிர்ந்த நிலையிலேயே பார்க்கவேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இரண்டாவது, பட்டைக்கட்டின் பராமரிப்பு. சேறும் துருவும் ஏறி இறுகிப்போன பட்டைகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசிக் கட்டுவதும், நுனிகளில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் தகடுகளை மாற்றுவதும் ஒரு நாள் வேலை. சிறு குலுக்கங்களை வண்டி மறுபடி விழுங்கத் தொடங்குவது அதன் பலன். பட்டைக்கட்டின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் சாக்கிளில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றும்போது கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குவதோடு சீக்கிரம் கிழிந்தும்போகும். வண்டி தன் எடையோடு சக்கரத்தின்மேல் நிற்கையில்தான் கடைசி முறுக்குக் கொடுக்கவேண்டும். நல்ல மேஸ்திரிகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். அவசரப்படுத்தும் வாடிக்கைக்காரரால்தான் இது தவறிப்போகிறது. பட்டைக்கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் இதைச் சேர்ந்ததே.

பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொள்ளும் பழைய யுக்தியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் உண்மை உண்டு; ஆனால் அவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. மேற்சொன்ன உதாரண வண்டியில் 50 கிலோ மூட்டைகள் மூன்றைப் பின்னச்சுக்கு நேர்மேலே வைத்தால், ஆட்டத்தின் வேகம் பத்தில் ஒரு பங்களவுக்கே குறைகிறது. அதற்கு ஈடாக டீசல் செலவாகிறது, ஏற்றக்கூடிய சரக்கிலும் அத்தனை கிலோ கழிகிறது. கட்டாமல் போட்ட மூட்டை திடீர் பிரேக்கில் முன்னால் பாயும் என்பதையும் எண்ணவேண்டும். இன்னும் சிலர், கம்பெனியில் கொடுத்த பட்டைகளிலேயே ஒன்றை உருவிவிடுகிறார்கள். பிறகு சேர்த்ததை எடுப்பது விவேகம். கம்பெனி கொடுத்ததை எடுப்பது, அடுத்த முறை நியாயமான பாரம் ஏறும்போதே வண்டியை ஆபத்தில் நிறுத்தும் காரியம். சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையே பொருத்தும் ரப்பர் காற்றுப் பைகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. இருக்கும் கடினமான பட்டைக்கட்டோடு அவற்றைச் சேர்ப்பதால் காலி வண்டி மிருதுவாகிவிடாது. அடிப்படை ஸ்பிரிங் மிருதுவாக அமைந்து, பாரம் ஏறும்போது மட்டும் காற்று ஏற்றித் துணைக்கு அழைப்பதானால்தான் அவற்றுக்குப் பலன் உண்டு. அந்த ஏற்பாட்டைத் தயாரிப்பாளர் செய்யவேண்டுமேயன்றிப் பட்டறை செய்யலாகாது.

ஸ்பிரிங்கைத் தொடாமலே செய்யக்கூடிய சீர்திருத்தம் இருக்கை. பஞ்சு அமுங்கித் தட்டையாகி, அடியில் உள்ள தகடு கையில் தட்டுப்படும் இருக்கையின்மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். அடர்த்தியான நல்ல ஃபோம் வைத்து இருக்கையைப் புதிதாகத் தைப்பதற்கு ஆகும் செலவு, முதுகுவலிக்கு ஆகும் வைத்தியச் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று. தொழிலாளியின் சரீரம் ஒரு வேலைநாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டிலேயே சட்டபூர்வமான அளவுகளை வகுத்து, முதல் அளவைத் தாண்டினால் முதலாளி பரிகாரம் தேடவேண்டும், இரண்டாவது அளவை எக்காரணத்தாலும் தாண்டலாகாது என்று விதித்தது. சாலையில் பொழுதைக் கழிக்கும் நம் ஓட்டுநர்களின் முதுகும் அதே எலும்பால் ஆனதுதான்.

சரக்கு வண்டிக்குச் சொகுசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி. பிரான்சில் சித்ரோன் கம்பெனியார் 1930-களில் குடியானவர்களுக்கென்று மலிவான வண்டி ஒன்றைத் திட்டமிட்டபோது, இரண்டு ஆளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு, உழுத வயலின் குறுக்கே போனாலும் கூடையில் உள்ள முட்டை உடையலாகாது என்பதை நிபந்தனையாக வைத்துக்கொண்டார்கள். 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த அந்த 2 சிவி என்னும் வண்டி, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் படுக்கையாக வைத்த ஸ்பிரிங்குகளால் பிணைத்து, தகர டப்பா என்று பரிகசிக்கப்பட்ட உடம்போடு, கரடுமுரடான பாதைகளில் மிருதுவாகப் போயிற்று. மலிவுக்கும் மிருதுவுக்கும் விரோதம் இல்லை என்பதை அது காட்டியது. பாரத்தோடு தன் விறைப்பையும் மாற்றிக்கொள்வதால் காலியிலும் நிறைவிலும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் ஆடும் காற்று ஸ்பிரிங்கை நம் நெடுந்தூரப் பேருந்துகளில் ஜனங்கள் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள். அவ்வளவு செலவு சிறு வண்டிக்குத் தாங்காது என்றால், நுனியை நோக்கி மெலிந்து, ஒன்றையொன்று நடுவில் உரசாமல் நிற்கும் பாரபோலிக் பட்டைகளைப் பின்னாலும் தரலாம். பாரம் ஏறியபிறகே வேலைக்கு வரும் ஹெல்ப்பர் பட்டையை இன்னும் தாமதமாகத் தொடும்படி அமைக்கலாம். ரொட்டியும் பார்சலும் மெத்தையும் போன்ற கனமில்லாத சரக்கையே ஆயுள் முழுவதும் சுமக்கும் வண்டிகள் நகரங்களில் ஏராளம்; அவற்றுக்கென்று மிருதுவான பட்டைக்கட்டோடு ஒரு வகையை விற்பதில் தயாரிப்பாளருக்கு என்ன நஷ்டம்?

அரசாங்கம் செய்யவேண்டியதும் பெரிய காரியமன்று. சரக்கு வண்டிகள் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருஷந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வந்து நிற்கின்றன. விளக்கையும் ஹாரனையும் சோதிக்கும் அதே நேரத்தில், குனிந்து பின் பட்டைகளை எண்ணி, தயாரிப்பாளர் கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட இரண்டு நிமிஷம் போதும். வண்டியின் மூல அமைப்பை மாற்றலாகாது என்று மேற்சொன்ன மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. கிராமச் சாலைகளின் வேகத்தடைகளையும் அதிகாரிகள் அளந்து பார்க்கட்டும். இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி அவை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறி இறங்கவேண்டியவை. இருப்பவையோ பல இடங்களில் குறுக்கே எழுப்பிய சுவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குகிறவர் கேட்கத் தொடங்கவேண்டும். கேளாத குறையைத் தீர்க்க எந்தத் தயாரிப்பாளரும் முன்வந்ததில்லை. ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டி எப்போதும் காலி வண்டியாகவே இருக்கிறது; அதை வழவழப்பான நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பாமல், நாளைக்கு அதை ஓட்டப்போகிற ஓட்டுநரையே உட்காரவைத்து, பள்ளம் விழுந்த தெரு ஒன்றில் ஒரு மைல் ஓட்டச்சொல்லி, இறங்கியபின் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். அந்த ஒரு மைலுக்குப் பயந்தாவது அடுத்த வண்டியின் பின் ஸ்பிரிங்கைத் தயாரிப்பாளர்கள் திருத்துவார்கள்.